நடுத்துண்டு

'இதம்' என்ற மொழிமாற்றுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்ட ஊர்களிலெல்லாம் சண்டை குறைந்தது. மாலி நாட்டில், நைஜர் ஆற்றங்கரையில், மோப்தி நகரிலிருந்து அரைநாள் படகுப் பயணத்தில் இருக்கும் தியென்கோ என்ற ஊரில் மட்டும் பேச்சே குறைந்தது. ஒன்றரை வருஷத்தில் ஊர்ப் பேச்சு பாதியாகிவிட்டது. பேசாதவர்கள் சண்டை போடவில்லை என்று கருவியைச் செய்த நிறுவனத்தின் கணினி அதையும் நல்ல சேதியாகவே குறித்து வைத்திருந்தது. பேசாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே பெரிய சண்டை என்பது அதற்கு எப்படித் தெரியும்? சங்கரன்கோவிலில் கூட்டுக்குடும்பத்தில் பிறந்த கோமதிக்குத் தெரியும். அந்த நிறுவனத்தின் சென்னை தரமணி அலுவலகத்தில் வேலை பார்த்த அவள், அங்கே ஒருவரும் விரும்பாத தியென்கோ பயணத்துக்குத் தானே பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கருவி சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். எந்த மொழியில் பேசினாலும் கேட்பவரின் சொந்தப் பேச்சில் மாற்றிச் சொல்லும். அதனால் கோமதி காதில் சீனாக்காரரும் சங்கரன்கோவில் தமிழே பேசுவார். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் அதை 'மெருகு' என்பார்கள். ஒருவர் வசையாகச் சொன்னதைக் கருவி சத்தமில்லாமல் நல்ல வார்த்தையாக்கிக் கொடுத்துவிடும். கேட்பவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. தொண்ணூறு நாட்டு மக்கள் காதில் இந்த வேலை நடப்பது அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். அந்த மெருகைச் செய்தவள் கோமதி.

தியென்கோவில் கருவி வந்த முதல் வாரம், உலகத்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு வசை பதிவானது. 'பாவம், என்ன பொழைப்பு பொழைக்கிறார்களோ' என்று மனசு இளகி, அந்த ஊருக்கு மட்டும் மெருகை உச்சத்தில் வைத்தவளும் அவள்தான்.

படகுத்துறையில் அவளை வரவேற்க அவா டிக்கோ வந்திருந்தாள். ஃபுலா இனத்துப் பெண், தொடக்கப்பள்ளி ஆசிரியை, மாலையில் இதம் கருவிக்குப் பழுது பார்ப்பவள். கோமதியின் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டிய வயது.

"வாங்க, வாங்க. படகு ரொம்ப ஆட்டிருச்சோ? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு" என்றாள். நைஜர் நதிக்கரையில் நெல்லைத் தமிழ் கேட்டதில் கோமதிக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

கரையில் ஒரு பெரிய மரப்படகு இழுத்துப் போடப்பட்டிருந்தது. இரண்டு பேருந்துகளைக் கோத்து நிறுத்திய நீளம். பக்கமெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் கட்டமாய் வண்ணம். அதன் நடு வயிற்றில் யாரோ கரியால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

"அது என்ன கோடு?"

"நாளைக்குக் காலைல அங்கதான் அறுக்கப் போறாவ."

"படகையா?"

"கரபெந்தா வீட்டுப் படகு. அப்பன் போன வருசம் செத்துட்டாரு. மூத்தவன் பூபா, எளையவன் லாசினா. எனக்கா உனக்கான்னு ஒரு வருசமா இழுபறி. முன்பாதி மூத்தவனுக்கு, பின்பாதி எளையவனுக்குன்னு தீத்துட்டாவ. தச்சனுக்கும் சொல்லியாச்சு."

"பாதிப் படகு மிதக்குமா?"

"மிதக்காது. ரெண்டு பேருக்கும் அது நல்லாவே தெரியும். கோவம் வந்தா தெரிஞ்சதெல்லாம் எங்க ஞாவகத்துல நிக்கி? பதினாலு பேருக்குச் சோறு போடுத படகு அது."

அவா வீட்டில் சோறும் ஆற்றுமீன் குழம்பும் வைத்தாள். கோமதி ஒரு பிடி பிடித்தாள். சாப்பிட்டுக்கொண்டே, ஊரில் சமாதானம் பண்ணிவைக்க ஓர் ஆள்கூடவா இல்லை என்று கேட்டாள்.

"அதுக்குன்னே ஒருத்தி இருந்தா. யத்திமே கிந்தோன்னு பேரு, வெங்காய யாவாரம். தோகோன் சனம், மலைச்சரிவுல வெவசாயம் பாக்கிறவங்க. கரபெந்தா வீட்டுக்காரங்க போசோ சனம், ஆத்துல மீன் பிடிக்கிறவங்க. இவங்க பாசை அவங்களுக்கு வெளங்காது. முன்ன பொதுவா பம்பாராவுல பேசிக்கிட்டாவ, கருவி வந்தப்புறம் அவங்கவங்க சொந்தப் பாசைலயே பேசுதாவ. ஆனா ரெண்டு சனத்துக்கும் நடுவுல ஒரு மொறை உண்டு. பம்பாரா பாசைல சனங்குயாம்பாவ. பசியில சாகக் கெடந்த தோகோன் புள்ளைக்கு ஒரு போசோக்காரன் தன் தொடையை அறுத்துச் சமைச்சுக் குடுத்தானாம். அன்னைக்கே ஒரே ரத்தம்னு ஆயிப்போச்சு. அதனால பொண்ணு குடுக்க மாட்டாவ, எடுக்க மாட்டாவ. ஒருத்தர் மேல ஒருத்தர் கை வைக்கக் கூடாது. ஒருத்தர் வாய் தொறந்து கேட்டா இன்னொருத்தர் இல்லேன்னு சொல்லக் கூடாது. அப்புறம்..." அவா சிரித்தாள். "பாத்த எடத்துல கண்டபடி திட்டிக்கிடணும்."

கோமதியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "திட்டிக்கிடணுமா?"

"பொறந்த வீடு, செத்த வீடு, சந்தை, எல்லா எடத்துலயும். சிரிக்காம மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிட்டுத் திட்டணும். மொதல்ல சிரிச்சவன் தோத்தான். தோகோனும் போசோவும் மட்டுந்தான்னு நெனைக்காதீங்க. இந்த நாட்டுல ஒவ்வொரு கொலத்துக்கும் கேலி பண்ண இன்னொரு கொலம் உண்டு. மாலிப் பேரரசு அமைஞ்ச காலத்துலயே சபை கூட்டிப் பேசி வச்சதுன்னு பாட்டுக்காரங்க சொல்லுவாவ. அண்ணன் தம்பிக்குள்ள சண்டைன்னா மொறைக்காரங்க வந்து ரெண்டு பேரையும் நாறடிச்சிட்டுப் போவாவ. அவங்க மேல கோவப்பட முடியாதுல்லா? சண்டை அதோட முடிஞ்சிரும்."

கோமதிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் வாயால் தோலுரித்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவள் அவள். முறைக்காரர்களின் கேலியில்லாத கல்யாண வீடு அவள் ஊரில் இழவு வீட்டுக்குச் சமம்.

"இப்ப ஏன் யத்திமே வாரதில்ல?"

"என்ன மாயமோ தெரியல, ஊரே திருந்திப்போச்சு. ஒருத்தனும் ஒருத்தனைத் திட்டுததில்ல. எல்லாரும் கலெக்டரு கணக்கா மரியாதையாப் பேசிக்கிடுதாவ. கரபெந்தா வீட்டுப் பெரியவரு செத்தப்போ யத்திமே வந்தா. பொணத்தைக் கேலி பண்ணி அனுப்புறது மொறைக்காரி கடமை. அவளுக்கும் அந்தப் பெரியவருக்கும் முப்பது வருசப் பழக்கம். ஆனா வாசல்ல நின்னு யாரோ மாதிரி எரங்கல் சொல்லிட்டுப் போயிட்டா. பூபாவுக்கு மனசு விட்டுப்போச்சு. யத்திமேட்ட கேட்டா, அவங்கதான் என்னை வெளிய அனுப்பிட்டாங்கங்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

கோமதிக்கு விளங்கிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அவா ஒதுக்கிக் கொடுத்த அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். மனிதர்கள் உண்மையில் பேசியது எல்லாம், கருவிக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, அலுவலகச் சேமிப்பில் கிடக்கிறது. இழவு வீட்டு நாளைத் தேடி எடுத்தாள். யத்திமே நிஜமாகப் பேசியதையும், கருவி அதை மாற்றிக் கொடுத்ததையும் அடுத்தடுத்துக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள். தான் செய்த ஒன்று இத்தனை சுத்தமாக, இத்தனை மரியாதையாக ஒரு வீட்டை உடைத்திருக்கிறதே என்று அவமானமாக இருந்தது.

சென்னைக்குப் பேசினாள். அவளுடைய மேலாளர் ஆதிமூலம் கெட்ட மனிதரில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"புரியுது கோமதி. அந்த ஊருக்கு மெருகைக் குறைச்சுடலாம். படிப்படியா, யாருக்கும் தெரியாம."

"படகை நாளைக்குக் காலைல அறுத்துருவாங்க சார். ஏன் இப்படி ஆச்சுன்னு அவங்ககிட்ட சொல்லணும். சொன்னாத்தான் யத்திமே வருவா."

"சொல்லக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. மெருகுன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச நிமிஷத்துலேருந்து உலகத்துல யாரும் யார் சொல்ற நல்ல வார்த்தையையும் நம்ப மாட்டாங்க. சாப்பாடு நல்லாருக்குன்னு புருஷன் சொன்னா, இது அவர் சொன்னதா மெஷின் சொன்னதான்னு பெண்டாட்டி கேப்பா. எத்தனை கத்திக்குத்து இதனால நின்னிருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒரு படகுதானே? வேற ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கோமதிக்குக் கஷ்டமாக இருந்தது. சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும், வேறு எந்த நிறுவனமும் சேர்க்காது. அந்தச் சாயங்காலம் முழுக்க ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துறையில் பெண்கள் பாத்திரம் கழுவினார்கள், ஆண்கள் வலை உலர்த்தினார்கள். அத்தனை பேர் இருந்தும் துறை பரீட்சை மண்டபம்போல் அமைதியாக இருந்தது.

விடிந்ததும் ஊர்க்கோடியில் யத்திமே வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

இடித்த சின்ன வெங்காயத்தை உருட்டிப் பாயில் காயவைத்திருந்தார்கள். அசல் வெங்காய வடக வாசனை. நடுவில் முக்காலியில் யத்திமே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, ஆகிருதியான உடம்பு, எதிராளியை எடைபோடும் கண். கோமதி முதலில் கைப்பேசியை எடுத்து யத்திமேயின் கருவியிலும் தன் கருவியிலும் மெருகை அணைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

யத்திமே நம்பவில்லை. "நான் அன்னைக்கு அந்த வாசல்ல என்ன பேசினேன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க பேசினது சரி. அவங்க காதுல விழுந்தது இது" என்று கோமதி பதிவை ஒலிக்கவிட்டாள்.

மறைந்த பெரியவரின் பிரிவு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றும், அன்னாரின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்வதாகவும் யத்திமேயின் குரலிலேயே, போசோ மொழியில், கருவி பேசியிருந்தது. இப்போது அதை யத்திமேக்குத் தோகோனில் திருப்பிச் சொன்னது. அவள் வாய் மெல்லத் திறந்தது.

"எந்தக் கேனச் சிறுக்கி இப்படிப் பேசுவா? முப்பது வருசம் என் ஈரலுக்குள்ள கெடந்தவன் செத்துருக்கான். அவன் பொணத்துக்கு முன்னாடி நின்னு இந்தப் பேச்சா பேசினேன்?"

"பூபா அதக் கேட்டுட்டுக் கொதிச்சுப்போயி, அந்நியம் மாதிரிப் பேசுதவளுக்கு இங்க என்ன வேலை, வெளிய போடின்னு கத்தினாரு. உங்க காதுல விழுந்தது..."

"வந்ததுக்கு ரொம்ப நன்றி, தங்களை மேற்கொண்டு சிரமப்படுத்த விரும்பவில்லைன்னான்." யத்திமே அந்த வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தாள். "மொறைக்காரிய நன்றி சொல்லி அனுப்பிட்டானேன்னு ஒரு வருசமா எனக்குத் தூக்கமே கெடையாது. இந்த வேலைய யாரு செஞ்சா?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கெடாவெட்டு விருந்துல ஒரே ஒரு வார்த்தையால பிரிஞ்சாங்க. செத்துப்போற வரைக்கும் மொகம் பாத்துக்கிடல. அந்த ஒரு வார்த்தை காதுல விழாம இருந்திருந்தா நல்லாருந்திருக்குமேன்னு தோணிச்சு."

யத்திமே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் அப்பனும் சித்தப்பனும் அடிச்சிக்கிட்டதுக்கு எங்க ஊரு வாயையாடி அடைச்சே, கூறுகெட்டவளே" என்றாள். ஆனால் சொல்லும்போதே கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். "ரம்பம் எப்ப வைக்காங்க?"

"இப்ப."

துறையில் ஊரே கூடியிருந்தது. மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. படகின் ஒரு பக்கம் பூபா, நெடுநெடுவென்று உயரம், இழுத்துக் கட்டிய முகம். மறுபக்கம் லாசினா, கையைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி. தச்சன் ரம்பத்தைக் கரிக்கோட்டில் வைத்து, இன்னும் ஒரு வார்த்தை வராதா என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதி கைப்பேசியில் தியென்கோ என்ற பெயரைத் தொட்டு, பத்தில் இருந்த மெருகின் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். பிறகு அவாவின் பள்ளிக்கூட ஒலிபெருக்கியை வாங்கி, நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். தான் யார் என்பதையும் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

பூபா தலையை ஆட்டினான். "மெசினு மேல பழியப் போட்டுட்டா ஆச்சா? ஒரு வருசம் வாசப்படி மிதிக்கலியே அவ."

"அன்னைக்கு உங்க அய்யாகிட்ட அவங்க சொன்னதைக் கேளுங்க. அப்புறம் அறுத்துக்கிடுங்க" என்று கோமதி பதிவை ஒலிபெருக்கியில் விட்டாள்.

யத்திமேயின் குரல் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. ஒவ்வொருவர் காதிலும் அவரவர் மொழியில் விழுந்தது.

"எலே மீனு நாத்தம் புடிச்சவனே! எந்திரிலே! பொணம் மாதிரி படுத்துக் கெடந்தா நான் நம்பிருவேனா? வலையிழுக்கச் சோம்பப்பட்டுல்லா இந்தச் சோலியப் பண்ணுத! எங்க மலைக்கு வந்து எங்க கஞ்சியக் குடிச்சு வளத்த வயிறுலே அது, இன்னைக்கு எட்டு பேரு தோள ஒடிக்குது. மண்ணுக்குள்ள போயி அங்க உள்ளவங்களையும் நாறடிக்கப் போறியா? மானங்கெட்ட தவளை! கண்ணத் தொற. தொறலே. நீ பாட்டுக்குப் போயிட்டா நான் இனிமே யாரைலே திட்டுவேன்?"

கடைசி வரியில் குரல் உடைந்திருந்தது. உடைந்ததையும் அந்த மெருகு சரிசெய்து அனுப்பியிருந்ததால், அதை அன்று யாரும் கேட்கவில்லை.

லாசினா மணலில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அப்பா செத்த நாளிலிருந்து அழாத பூபா படகின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கினால் இப்படித்தான் இருக்கும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும், அந்தப் பெரியவரை இப்போதுதான் ஒழுங்காக வழியனுப்பியதுபோல் இருந்தது.

யத்திமே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

"என்னலே ஒப்பாரி? உங்கப்பன் நல்லவேளை, ஒங்க மூஞ்சிய இனிமே பாக்கவேண்டாம்னு தப்பிச்சுப் போயிட்டான். நெட்டைக் கொக்கே, ஓணான் தலையா, படகையா அறுக்கீக?"

பூபா கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனும் முகத்தை இறுக்கிக்கொண்டான். "மலையில தொங்குத வௌவாலு, உனக்கென்ன? ஓடிப்போயி வெங்காயத்தை மோந்து பாரு."

"மூடுலே வாய. நான் உங்க மொறைக்காரியா இல்லையா?"

"ஆமா. எங்க தலையெழுத்து."

"நான் கேட்டா இல்லேம்பியா?"

"சொல்லக் கூடாது."

"அப்ப எனக்கும் இதுல ஒரு துண்டு வேணும். வெங்காயம் காயப்போட எடம் பத்தல." தச்சன் பக்கம் திரும்பினாள். "எலே, அந்தக் கோட்டை அழி. இங்க ஒண்ணு போடு. அங்க ஒண்ணு போடு. மூக்கு அந்த நெட்டையனுக்கு, வாலு அந்த ஓணானுக்கு. நடுத்துண்டு எனக்கு."

தச்சன் கரியை எடுத்து, அவள் காட்டிய இடங்களில் இரண்டு கோடு போட்டான். அண்ணன் கையில் ஆள் உட்காரக்கூட இடமில்லாத மூக்கு மட்டும் மிஞ்சியது. தம்பிக்குச் சுக்கான் செருகும் கட்டை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பங்கைப் பார்த்தார்கள். இல்லை என்றும் சொல்ல முடியாது.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் யத்திமே. "என் துண்டை ரெண்டு பக்கமும் ரம்பத்தால பிராண்டக் கூடாது. எனக்கு மொழுமொழுன்னு வேணும். மேல கீறல் விழுந்துதுன்னா ஒங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன். எப்படி அறுக்கீகளோ அது ஒங்க பாடு."

முதலில் சிரித்தது லாசினாதான். அடக்கி அடக்கிப் பார்த்து, மூக்கால் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பூபாவுக்கும் வந்தது. "தோத்தீக! ரெண்டு பயலும் தோத்தீக!" என்று யத்திமே தொடையைத் தட்டிக் கத்தினாள். அவ்வளவுதான், துறை வெடித்துவிட்டது. ஒன்றரை வருஷமாக வாயடைத்துக் கிடந்த ஊர், கையில் கிடைத்த முறைக்காரர்களையெல்லாம் பிடித்துத் திட்ட ஆரம்பித்தது. மரியாதைக்குரிய தச்சனையே அவனுடைய முறைக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, ரம்பம் பிடிக்கத் தெரியாத கழுதை என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். அவன் முகம் பூரித்துப்போனது.

படகை முழுசாக ஆற்றுக்குத் தள்ளும்போது கோமதியின் கைப்பேசி அடித்தது. ஆதிமூலம்.

"கோமதி, எங்கே இருக்கீங்க? அந்த ஊர்ல பெரிய கலவரம்னு எச்சரிக்கை வந்திருக்கு. ஒரு மணி நேரத்துல நாலாயிரம் வசை! தூதரகத்துக்குச் சொல்லட்டுமா?"

"கலவரம் இல்ல சார். மெருகை எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னும் ஊருக்கே சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அவர் எச்சரிக்கை மணியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்க வேலை போயிடும். அனேகமா என்னோடதும்" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"தெரியும் சார். படகு மிதக்குது" என்றாள் கோமதி. அப்படிச் சொன்னபோது, பயம் இருக்கவேண்டிய இடத்தில் வயிறு நிறைந்ததுபோல ஒரு நிம்மதி இருப்பதைக் கவனித்தாள்.

"யாரு அது, உன் மொதலாளியா?" என்று யத்திமே கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். "எலே, குளுந்த ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஊரு வாய்க்குப் பூட்டுப் போட்டவன் நீதானா? நாக்கத் தேன்ல ஊறப்போட்ட நாறப்பயலே! இந்தப் புள்ள மேல கை வச்சே, அங்க வந்து உன் காதை அறுத்து வெங்காயத்தோட காயப்போட்டுருவேன். சாப்புட்டியா இல்லியா? குரலப் பாரு, சீக்காளி மாதிரி."

கைப்பேசி திரும்பி வந்தபோது ஆதிமூலம் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"ரொம்பப் பெரிய மனசு அந்த அம்மாவுக்கு. நம்ம சேவையைப் பாராட்டி, உடம்பைப் பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க. யாரு அவங்க?"

கோமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "என் முறைக்காரி சார். உங்க காதுல இருக்கிற மெருகை அணைச்சுட்டு, அவங்க பேசின பதிவைத் திரும்பக் கேளுங்க."

அவர் கேட்கும் நேரம் வரை அவள் காத்திருந்தாள். ஆற்றில் படகு முதல் சுற்று சுற்றி வந்தது. மூக்கில் பூபா, வாலில் லாசினா, நடுவில் வெங்காய மூட்டைகள்மேல் யத்திமே.

அப்புறம் ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அப்படித் தயங்கி அவள் கேட்டதே இல்லை.

"கோமதி... அவங்க பக்கத்துலதான் இருக்காங்களா? இன்னொரு தடவை திட்டச் சொல்லுங்களேன்."